இடது தோள் இறங்கிய உடை

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

1953 மார்ச் மழையில் நனைந்து, பின்படிக்கட்டில் ஓடிவந்த ஒதீல் மோதிய வேகத்தில் அவன் கையிலிருந்த காகிதங்கள் பறந்தன. மோதியது அவள், கோபமும் அவளுக்கே! அவன் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இப்பதான் நல்லா தெரியுது," என்றான்.

லுசியேன். அவள் தையற்காரியாக இருந்த பாரிஸ் உடை மாளிகையின் புது வடிவமைப்பாளன். அன்றிலிருந்து ஊசி கேட்டு, நூல் கேட்டு நாளுக்கு மூன்று முறை தையல் கூடத்துக்கு வந்தான். அவன் காலடிச் சத்தத்துக்குக் காத்திருக்க ஒதீலும் பழகிவிட்டாள்.

மூன்றாம் வாரம் அவன் வரைந்த உடைப்படம் ஒன்று அவள் மேஜைக்கு வந்தது. சிறுத்த இடுப்பு, பூத்து விரிந்த பாவாடை... கொள்ளை அழகு! எந்தப் படமானாலும் மூலையில் அதை உடுத்தப்போகும் மாடலின் பெயர் இருக்கும். இதில் இல்லை.

"பேர் போடலைன்னா ரகசியக் காதலிதான்டி!" பக்கத்து நாற்காலி ழினெத் கண்ணடித்தாள்.

ஒதீலுக்கு வயிறு எரிந்தது. யார் அவள்? மாடல்கள் எல்லோருக்கும் தோள் நேர். படத்திலிருப்பவளுக்கு இடது தோள் இறங்கியிருக்கிறதே! கோணல் தோள்காரிக்கா இவ்வளவு அழகான உடை? அவளுக்குப் பொருந்தாமலே போகட்டும்... வெள்ளைத் துணியில் மாதிரி வெட்டும்போது, வேண்டுமென்றே தோளை நேராக்கினாள்.

மறுநாள் காலை லுசியேன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"தோளை யாரு நேராக்குனது?"

"நான்தான், மிஸியே. படத்துல தப்பு."

"தப்பு இல்ல. அவங்க தோள் அப்படித்தான்."

"ஓ... அவ்வளவு உன்னிப்பா பாத்திருக்கீங்களா? அப்ப அவங்களையே தைச்சுக்கச் சொல்லுங்க!"

"ஒதீல்! வேலை போயிடும்!" தலைமைத் தையற்காரி மதாம் பெர்த் அதட்டினாள்.

"போகட்டும் மதாம். இவர் காதலிக்கு என் கையால ஒரு தையல்கூடப் போட மாட்டேன்!"

ஐயோ... இப்படியா கொட்டித் தீர்ப்பாள்? கூடமே ஊசியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது.

லுசியேன் அவளை உடை பொருத்தும் அறைக்கு அழைத்துப் போனான். தையற்காரிகள் கால் வைக்கக் கூடாத அறை. ஆளுயரக் கண்ணாடி முன் நிறுத்தினான்.

"பாருங்க."

தையல் கூடத்தில் கண்ணாடி கிடையாது. வீட்டில் இருப்பதோ முகம் மட்டும் தெரியும் துண்டு. பத்து வருடம் ஒரே பக்கம் சாய்ந்து தைத்தவளின் இடது தோள்... அரை விரல் இறங்கியிருந்தது.

"நானா?" தோளைத் தொட்டுப் பார்த்தாள். "ராத்திரியெல்லாம் சபிச்சேனே... என்னையேவா?"

"பேர் எழுதப் பென்சில் எடுத்தேன். உங்களைக் கேட்காம எழுத மனசு வரல." கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு, ஒதீல். உங்களுக்கு...?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு முறைத்தாள்.

"பிடிக்காமலா, வேலையே போனாலும் போகட்டும்னு கத்தினேன்?"