ஒர்சோலாவின் கீழ்க்குரல்

மழைக்கு ஒதுங்கிய கூட்டம் படகுத்துறையில் நெருக்கியடித்து நின்றது. கொஞ்சம் வழிவிடச் சொன்னாள் ஒர்சோலா. முன்னால் நின்றவன் திரும்பாமலேயே, "தாராளமா போங்க, சார்" என்றான்.

பிறகு திரும்பினான்... விழித்தான். நனைந்த இமைகளுக்குள் பழுப்புக் கண்கள்... அழகான கண்கள்தான், அதுதான் எரிச்சல்! பள்ளி நாளிலிருந்தே தன் கனத்த குரலுக்காகக் கேலி கேட்டு அலுத்தவள் அவள். ஒரு முறை முறைத்துவிட்டுப் படகேறினாள்.

அன்று மாலையே, அவள் பாடும் தேவாலயக் குழுவின் ஒத்திகையில் அவனே வந்து நிற்பான் என்று யார் கண்டது? பெயர் அல்விசே. முந்நூறு வருடமாக மடத்து அலமாரியில் கிடந்த ஒரு துதிப்பாடலைக் கண்டெடுத்தவன்; அன்று ஒத்திகையும் அந்தப் பாட்டுக்குத்தான். இயற்றியவர் பெயர் அதில் இல்லை. அதே காலத்துப் பேராலய இசைத்தலைவர் பெல்காரோவுடையது என்று அவன் கட்டுரை எழுத, வெனிஸே அதைத்தான் பேசியது. பல்கலைக்கழக வேலையும் அந்தக் கட்டுரையை நம்பித்தான் கிடைப்பதாக இருந்தது.

குழுவில் அடித்தொண்டையில் கீழ்க்குரல் பாடுகிறவருக்குக் காய்ச்சல். வீம்புக்கு, தான் பாடிப் பார்ப்பதாகச் சொன்னாள் ஒர்சோலா. பாடினாள்... முந்தைய ஒத்திகைகளில் அந்த ஆண் திணறிய இடமெல்லாம் அவள் தொண்டையில் சுலபமாக இறங்கி ஏறியது. முடிந்ததும் எல்லோரும் பார்த்தது அல்விசேயைத்தான். அந்தக் காலத்து வெனிஸின் பெண் அநாதை விடுதிகளில் கீழ்க்குரலையும் பெண்களே பாடினார்கள் என்பது ஊரறிந்த விஷயம். பெல்காரோவோ பெண்களுக்கென்று ஒரு வரிகூட எழுதாதவர். அப்படியானால், பெண் குரலுக்கென்றே எழுதிய இந்தப் பாட்டு அவருடையதாக இருக்க முடியாது. அல்விசே எழுந்து வெளியே போய்விட்டான்.

கால்வாய்ப் படிக்கட்டில் நனைந்துகொண்டு நின்றான். குடையோடு போனாள்.

"நான் பாடலைங்க... அவருக்குக் காய்ச்சல் விட்டுடும். உங்க கட்டுரை அப்படியே இருக்கட்டும்."

வாழ்நாளில் முதன்முறையாக அவள் குரலுக்கென்று ஒரு பாட்டு கிடைத்திருந்தது.

"பேராசிரியருக்கு இப்பத்தான் போன் பண்ணேன்," என்றான் அவன். "தப்பா எழுதிட்டேன்னு சொல்லிட்டேன்."

"அப்போ வேலை?"

"போச்சு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எனக்கு வருத்தம்தான், இல்லேன்னு சொல்லல... ஆனா நீங்க பாடாம இருக்கக் கூடாது. எழுதினது யாருன்னு இனி தெரியப்போறதில்ல. உங்கள மாதிரி ஒருத்தி பாடக் கேட்டு, மனசப் பறிகொடுத்துட்டு எழுதின ஆளுன்னு மட்டும் தெரியுது."

"அது எப்படித் தெரியும்?"

மழையில் அவன் குரல் தணிந்தது.

"எனக்கும் அதேதான் ஆச்சு, ஒர்சோலா..."