பன்னிரண்டாவது பழுது

ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய கவியா, வழக்கமான பெரிய கேட் பக்கம் போகாமல் பின்மதில் ஓரமாக நடந்தாள். அன்று முதல் அவளுக்கு அசெம்பிளி லைனில் வேலை இல்லை. ரிட்டர்ன் ஷெட்டுக்கு மாற்றியிருந்தார்கள். கடைகளிலிருந்து திரும்பி வந்த ஹெட்போன்களைக் காதில் மாட்டிப் பார்த்து, என்ன பழுது என்று எழுத வேண்டும். 2015ஆம் வருஷத்து மே மாத வெயில், காலை எட்டு மணிக்கே தகரக் கூரையைச் சுட ஆரம்பித்திருந்தது.

ஷெட்டுக்குள் ஈர அட்டைப்பெட்டியின் வாசனை. அதோடு கலந்து, முகம் தெரியாத பலருடைய காதுகளின் வாசனையும்: தேங்காய் எண்ணெய், வியர்வை.

"லைன்லர்ந்து இங்க தள்ளிட்டாங்களா? இன்னா தப்பு பண்ண நீ?" என்று கேட்டாள் ராஜம்மா. பேக்கிங் பார்ப்பவள், படப்பைக்காரி.

"ஒண்ணும் பண்ணலக்கா."

"அதான் இங்க வந்துகீற. தப்பு பண்ணவங்கல்லாம் லைன்லயே சொகமா கீறாங்க."

கவியாவுக்குச் சிரிக்க வரவில்லை.

அந்த ஹெட்போன் புது மாடல். பெயர் ஹைப்ரிட். ஒவ்வொரு காதுக்குள்ளும் இரண்டு ஸ்பீக்கர்: தடதடக்கும் பாஸுக்குப் பெரியது ஒன்று, மூச்சுக் காற்றைக்கூட எடுத்துக்கொடுக்கும் நகக்கண் அளவு சின்னது ஒன்று. விலை குறைவு என்பதால் நன்றாக விற்றது. விற்ற வேகத்திலேயே திரும்பியும் வந்தது. பெட்டிக்குள் வாங்கியவர் எழுதிய சீட்டு இருக்கும். 'பாஸ் அருமை, ஆனால் பாடுகிறவர் கிணற்றுக்குள் நிற்கிறார்.' 'மூன்றாவது வாரமே இடது பக்கம் செத்துவிட்டது.' 'பின்னைத் திருகிப் பிடித்தால்தான் பாட்டு வருகிறது. ஒரு கை அதற்கே போய்விடுகிறது.'

பதினோரு பழுதுகளுக்குப் பதினோரு எண்கள் சுவரில் ஒட்டியிருந்தன. அதில் அடங்காதது எதுவும் பழுது இல்லை. 'பழுது இல்லை' என்று முத்திரை குத்தினால் ராஜம்மா துடைத்துப் புதுப் பெட்டியில் போடுவாள். அது மறுபடி கடைக்குப் போகும்.

கடைசியாக மைக் சோதனை. வயரில் இருக்கும் மைக்கில் ஒன்றிலிருந்து ஐந்து வரை சொல்ல வேண்டும். சொன்னது அப்படியே காதுக்குத் திரும்பி வர வேண்டும்.

பதினோரு மணி வாக்கில் பிரித்த பெட்டியின் சீட்டில் ஒரே வரி இருந்தது. 'யாரோ எண்ணுகிறார்கள்.'

கவியா மாட்டிக்கொண்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

அவள் குரல் திரும்பி வந்தது. ஐந்தோடு நின்றது.

"ஆறு" என்றது இடது காது.

அது கவியாவின் குரல் இல்லை. யாருடையது என்று அவள் யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

சுகப்பிரியா. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் தங்கி, ஒரே லைனில் சேர்ந்தவள். சவுண்ட் ரூமில் இருவருக்கும் சேர்ந்தே வேலை. சுவரெல்லாம் பஞ்சு அடைத்த, ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய அறை. உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. உள்பக்கக் கைப்பிடி உடைந்து மாதக்கணக்காகியும் யாரும் மாற்றவில்லை. அதனால் ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் கதவருகே நிற்பது என்று அவர்களாகவே பழக்கம் வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கும் அமைதி சுகப்பிரியாவுக்கு ஆகாது. வாய்விட்டு எண்ணிக்கொண்டேதான் வேலை செய்வாள்.

பிப்ரவரியில் ஒருநாள் மதியம், ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குப் பெயர் எடுத்தார்கள். முதல் இருபது பேருக்குத்தான் இடம். "ஏட்டி, நூறு வரைக்கும் எண்ணு. ரெண்டு பேரு பேரையும் குடுத்துட்டு வந்துருதேன்" என்று கவியா ஓடினாள். பெயர் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது சூப்பர்வைசர் லூர்துராஜ் கூப்பிட்டு, ஸ்டோருக்கு ஒரு பைலோடு அனுப்பினார். இடையில் கரண்ட் போனது. அறைக்குள் காற்று தள்ளும் விசிறி நின்றது. சுகப்பிரியாவுக்கு மூச்சிழுப்பு உண்டு.

கவியா கதவைத் திறந்தபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

"கதவாண்டதான் நின்னேன், அவ தட்டவே இல்லன்னு எழுதிக் குடு. உன் வேலையும் நிக்கும், என் வேலையும் நிக்கும்" என்றார் லூர்துராஜ். எழுதிக் கொடுத்தாள். நோயை மறைத்து வேலைக்குச் சேர்ந்தவள் என்று பழி செத்தவள் மேலேயே முடிந்தது. சுகப்பிரியாவின் அம்மா கோமதியம்மாள் கவியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதும் சொன்னாளா தாயி?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள் கவியா.

அந்த ஹெட்போனுக்கும் அவள் 'பழுது இல்லை' என்றே முத்திரை குத்தினாள்.

அடுத்த பெட்டி. ஐந்துக்குப் பிறகு, "ஏழு."

அதற்கடுத்தது. "எட்டு."

ஒன்றில் நின்ற எண் அடுத்ததில் தொடர்ந்தது. மூன்று நாள் அப்படியே போயிற்று. முப்பதைத் தாண்டியபோது சின்ன ஸ்பீக்கரில் இழுப்பு கேட்டது. சீழ்க்கை போல மெலிந்த மூச்சு. அறுபதுக்கு மேல் பெரிய ஸ்பீக்கரில் தடதடவென்று உள்ளங்கைகள் கதவை அறைந்தன.

தட்டியிருக்கிறாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்."

"எனக்கு இன்னாத்துக்குமா ஊர்ல கீறவன் காது அழுக்கெல்லாம்" என்று ராஜம்மா பெட்டியை ஒட்டினாள்.

கவியா மீதி எண்களைக் கணக்குப் போட்டாள். நூறு முடிந்ததும் சுகப்பிரியா கேட்பாள். அப்போது உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். நான் அங்கே இல்லை, உன்னை விட்டுப் போனேன் என்று ஒரே ஒரு தடவை. அதன் பிறகு அவள் எண்ண வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் அந்த அறையை விட்டு அவள் வெளியே வரவே மாட்டாள்.

நான்காம் நாள் மதியம் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்காமல் பெட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று ஐந்து. தொண்ணூற்று ஆறு. ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவில் மூச்சு வந்துசேர வெகுநேரம் ஆனது. விரல் நுனிகளில் அட்டை கிழித்த ரத்தம்.

தொண்ணூற்று ஒன்பது.

"இன்னாமா இப்டி பிரிச்சுப் போட்டுக்கினு கீற?"

பின்னால் லூர்துராஜ் நின்றிருந்தார்.

கவியா அடுத்ததை மாட்டினாள். ஐந்து வரை சொன்னாள்.

"நூறு."

அதன் பிறகு எதுவும் இல்லை. கூரைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும்.

பிறகு, காதுக்கு மிக அருகில்:

"எங்கட்டி போன?"

கவியா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். சொல்ல வேண்டியது நாக்கில் இருந்தது. லூர்துராஜின் ஷூ ஓரடி முன்னால் வந்தது.

"நான் கதவுகிட்டதான் நின்னேன், சுகா. நீ தட்டல."

அவள் சொன்னது அவள் காதுக்கே திரும்பி வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

அடுத்த பெட்டியை எடுத்தாள். ஐந்தோடு நின்றது. அதற்கடுத்ததும் அப்படியே. இருபது பெட்டிகள். எதிலும் சுகப்பிரியா இல்லை. கவியா கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை நிம்மதி என்று சொல்ல முடியாது.

"குடு, நானும் பாக்கறேன்" என்று லூர்துராஜ் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார்.

கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு கவியாவின் உதடுகளைப் பார்த்தார்.

"நீ இப்ப பேசறியா?" குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"உன் குரல்மா. கதவாண்டதான் நிக்கறேன், தொறங்கன்னு சொல்லுது." ஹெட்போனைக் கழற்ற உயர்ந்த கை பாதியில் நின்றது. "தட்டிக்கினே கீது."

கவியா எழுந்திருக்க நினைத்து மூச்சை இழுத்தாள்.

பாதிக்கு மேல் வரவில்லை.