ஐந்து கம்ப்யூட்டர்களும் ஒரு பின்னலும்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் கிணற்று மோட்டார் இனிமேல் தண்ணீருக்குப் பதில் காற்றையே இழுக்கட்டும். அத்தனையும் சத்தியம்.

1996, புரட்டாசி மழை. சிங்காநல்லூரில் சுந்தரராஜுலுவின் பம்ப்செட் கம்பெனி ஆபீசுக்குள் சொட்டச் சொட்ட நுழைந்தான் ரங்கராஜ். பொள்ளாச்சிக்காரன், கம்ப்யூட்டர்களை இணைக்க வந்தவன்.

“ஏனுங்க! செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்க. இது கம்ப்யூட்டர் ரூமுங்க.”

அதட்டியது முதலாளியின் மகள் வசுந்தரா. அந்தக் கண்கள்... அவள் நிமிர்ந்து பார்த்தாள், மழை நின்றது. இமைத்தாள், மறுபடியும் பெய்தது. அன்று பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் பாதி மட்டும் நனைந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்த ரங்கராஜ் நிமிர்ந்தான். “பிளாப்பி சொருகற எடத்துல குங்குமத்தைப் போட்டது யாருங்க?”

“வெள்ளிக்கெழமை பொட்டு வைப்பேனுங்க. தப்புங்களா?”

“பொட்டை மானிட்டர் நெத்தியில வைக்கோணுங்க அம்மணி. வாய்க்குள்ள இல்லீங்க.”

அவள் முகம் சிவந்தது. எவ்வளவு திமிர்... இவரிடமே கற்றுக்கொண்டு இவரையே மடக்குகிறேன்!

“அப்ப நீங்களே சொல்லிக் குடுங்க. ராமுன்னா என்னங்க, ஹார்ட் டிஸ்க்குன்னா என்னங்க?”

“ராம் சமையல் மேடைங்க. வேலை நடக்கற வரைக்கும் சாமான் மேல இருக்கும். கரண்ட் போனா மேடை காலி. ஹார்ட் டிஸ்க் அலமாரிங்க. வெச்சது வெச்சபடி இருக்கும்.”

“நீங்க எதுங்க? பார்த்தா மேடையாட்டத் தெரியுது...”

ரங்கராஜ் ஐந்து கம்ப்யூட்டர்களையும் ஒரே கேபிளில் கோத்தான். ஒன்றில் எழுதியதை மற்றது படிக்கும், அதுதான் நெட்வொர்க். கேபிளின் இரண்டு கடைசியிலும் விரல் நுனி அளவு உலோக மூடி ஒன்றைத் திருகினான். அதன் பெயர் டெர்மினேட்டர்.

“இது எதுக்குங்க?”

“கடைசிக்கு வர்ற சேதியை இது வாங்கிக்குமுங்க. இல்லீன்னா சேதி முட்டித் திரும்பி, பின்னால வர்றதோட மோதிக் குழம்பிப்போயிரும். ஒண்ணைக் கழட்டுனாலும் அஞ்சும் ஊமைங்க.”

“ஓஹோ...” என்றாள். அந்த ஓஹோவை அவன் கவனித்திருக்க வேண்டும்.

அதன்பின் வாரம் தவறாமல் நெட்வொர்க் செத்தது. வாரம் தவறாமல் ரங்கராஜ் வந்தான். வாசலில் அவன் செருப்பைக் கழற்றும் நேரத்துக்குள் வசுந்தரா மூடியைத் திரும்பத் திருகிவிடுவாள். அவன் கேபிளைத் தொடுவான், உயிர் வரும். ஏன் என்று அவனுக்கே தெரியாது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளும் செத்தது. ஆனால் அன்று சுந்தரராஜுலு காலையிலிருந்து கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்றார். ரங்கராஜ் வந்தபோது அவளால் திருப்பி மாட்ட முடியவில்லை.

“பேசாத மெஷினுக்கு நான் பூஜை போட மாட்டேனுங்க தம்பி” என்று போனைக் கையில் எடுத்தார். “உங்க மொதலாளிகிட்டச் சொல்லிப்போடறேன். உங்க வேலை இருக்கறதா போறதான்னு அவரே பார்த்துக்கட்டும்.”

மேஜைக்கடியில் ரங்கராஜ் கேபிளின் மொட்டை முனையைப் பார்த்தான். எழுந்தபோது வசுந்தராவின் பின்னலைப் பார்த்தான். குஞ்சத்தின் நடுவே... டெர்மினேட்டர்.

ஒரு வார்த்தை சொன்னால் அவன் வேலை பிழைக்கும். ஆனால் அவள் தலைகுனிவாள்.

“என் தப்புங்க ஐயா. நாந்தான் சரியா மாட்டலீங்க.”

வசுந்தரா அப்பாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். என் ஆசைக்கு இவர் வேலையையா பறிப்பேன்... பின்னலை முன்னால் இழுத்து, மூடியை அவிழ்த்து நீட்டினாள்.

“அவரு மேல தப்பில்லீங்க நைனா. ஒவ்வொரு வாட்டியும் நாந்தானுங்க கழட்டினேன்.”

“எதுக்கும்மா?”

“கெடலீன்னா... அவரு வரமாட்டாருங்களே.”

ரங்கராஜ் மூடியைத் திருகினான். ஐந்து திரைகளும் பேசின. கூடவே சிங்காநல்லூரின் தெருவிளக்குகள் பட்டப்பகலில் எரிந்தன.

போனில் பாதி எண்ணைச் சுழற்றியதோடு நின்றிருந்த சுந்தரராஜுலு கேட்டார். “தம்பி... உங்க ஊட்டு நம்பர் சொல்லுங்க. பெரியவங்ககிட்டப் பேசோணும்.”

சொன்னான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“நான் மேடையில்லீங்க அம்மணி. அலமாரி. மொத நாளே உங்களை உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டேன். கரண்ட் போனாலும்...”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெளியே பெய்துகொண்டிருந்த மழை நின்றது.

அந்த வருடம் அந்த ஆபீசில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். என் கிணற்று மோட்டாரும் இப்போது காற்றைத்தான் இழுக்கிறது.