அணைச்சிட்டுப் போப்பா

மீனின் நெற்றி விளக்கை அலமாரிக்கு மேலேதான் அவன் வரைந்திருந்தான். இன்றைக்கு அது மகளின் தலையணைக்கு நேர் மேலே தொங்கியது.

கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைக்கிறவன் அவன். அம்மா செத்ததிலிருந்து சிரிப்பையே மறந்திருந்த குட்டிக்கு ஆழ்கடல் மீன் என்றால் உயிர். அவளுக்காகப் படுக்கையறைச் சுவர், கூரை, ஜன்னல் கண்ணாடி வரை கறுப்படித்து நடுவில் ஒன்றை வரைந்தான். ஊசிப் பல், பிளந்த வாய், இரையை இழுக்க நெற்றியில் ஒரு மஞ்சள் விளக்கு.

"அய்யே, எவ்ளோ அசிங்கமா இருக்கு! ஒட்டிக்கிட்டா விடவே விடாதாம்ப்பா!" என்று கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து படுக்கும்போதெல்லாம் ஒரே பாட்டு. "அணைச்சிட்டுப் போப்பா." அறை விளக்கைத்தான் ஏற்கெனவே அணைத்தாயிற்றே, பின்னே என்ன கேட்கிறாள்? தாயில்லாப் பிள்ளை, பாவம். வாரி அணைத்து முத்தம் கொடுத்துவிட்டுப் போவான். அவள் அவன் தோளுக்கு மேலே எதையோ பார்த்தபடி விறைத்துக் கிடப்பாள்.

இன்றைக்கு மீனின் விளக்கு இடம் மாறியிருந்ததைப் பார்த்து, "நமக்குத்தான் மண்டை குழம்பிப்போச்சு" என்று தன்னையே திட்டிக்கொண்டு மதியச் சமையலைப் பார்க்கப் போனான். வெங்காயம் வதங்கும் வாசனையைத் தாண்டி, நாள்பட்ட ஈரத்துணியைப் போல ஓர் உப்பு நாற்றம் வந்தது; வீட்டிலிருந்த குழாய்களையெல்லாம் இறுக்கித் திருகிய பிறகும், ஏதோ சொட்டும் சத்தம் மட்டும் படுக்கையறைப் பக்கமிருந்து விடாமல் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"அப்பா! அணைப்பா!"

குட்டியின் குரல். அறையிலிருந்து. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

உள்ளே நுழைந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பட்டப்பகலில் கும்மிருட்டு. சுவரைத் தேடிய கைக்குச் சுவர் கிடைக்கவில்லை. தூரத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம். வெறும் பெயிண்ட், அது எப்படி எரியும்? அதன் கீழே சின்னதாக ஓர் உருவம், கைகளை நீட்டியபடி.

"இதோ வந்துட்டேன்டா செல்லம். அப்பா இருக்கேன்ல."

அணைத்தான்.

ஈரம். வழவழப்பு. எலும்பே இல்லை.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. கூடத்து வெளிச்சத்தில், பொம்மையோடு, குட்டி நின்றாள்.

"அப்பா! அந்த விளக்கை அணைச்சிடுன்னுதானே தெனமும் சொன்னேன்!"

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. கன்னமும் ஒட்டிக்கொண்டது. தோல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

வராதே கண்ணு. ஓடிப்போ. கத்தினான். உதடு அசைந்தது, சத்தம் இல்லை.

தலைக்கு மேலே பிளந்திருந்த வாய்க்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"குட்டி, பயப்படாதடா. வந்து அப்பாவை அணைச்சுக்கோ."

விளக்கு கொஞ்சம் கூடுதலாக எரிந்தது. குட்டி பொம்மையைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.