இடித்த சுவர்

சுவரை இடித்த அன்று மாலை, கணவன் இரண்டு கைகளிலும் டீ டம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்தான். ஹாலில் இருந்து நேராக நடந்தால் அவளுடைய தையல் மெஷின் ஏழெட்டு அடிதான். அவன் நேராக வரவில்லை. ஹாலின் மூலைவரை போனான். முன்பு கதவு இருந்த இடத்தில் தோளைச் சற்று ஒருக்களித்து உள்ளே நுழைந்தான். மறுபடி அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வந்து டம்ளரை நீட்டினான்.

"கதவைத் தட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள் அவள்.

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது. பிறகு சிரித்தான். "ஒன்பது வருஷப் பழக்கம். சுவர் போயிடுச்சுன்னு காலுக்கு யாரும் தகவல் சொல்லல."

அவளும் சிரித்தாள். டீயில் சிமெண்டுத் தூசி மிதந்தது.

அவள் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவள். ஹாலை ஒட்டிய சின்ன அறையில் மெஷின் இருந்தது. மகள் சிட்டு, நாலு வயது, ஹாலில் விளையாடுவாள். இரண்டுக்கும் நடுவே சுவர். இரண்டு மாதங்களுக்கு முன் சிட்டு மேசையிலிருந்து விழுந்தாள். மெஷின் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை. நூல் அறுந்து மெஷின் நின்றபோதுதான் கேட்டது. எவ்வளவு நேரமாக அழுதாள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் என்னென்ன வேலை பார்க்கலாம் என்று கணவன் பட்டியல் போட்டபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். அந்தச் சுவர் வேண்டாம். தைத்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

கொத்தனார் ஒன்றரை நாளில் முடித்துக் கொடுத்தார். மேலிருந்து கீழே செங்கல் செங்கலாகக் கழற்றி, கதவையும் நிலையையும் பெயர்த்து எடுத்து, தரையில் சுவர் நின்ற தடத்தைப் புதுக் கல் பதித்து மூடினார். இத்தனை வருடம் அடைந்துகிடந்த அறைக்குள் ஹாலின் வெளிச்சம் முழங்கால் அளவுக்கு வந்து, பிறகு மெஷின்மேல் ஏறி, பிறகு பின்சுவரைத் தொட்டது. ஈரச் சுண்ணாம்பும் பழைய காகிதமும் கலந்ததுபோல் ஒரு வாசனை இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகாமல், துணிகளிலும் தலைமுடியிலும் சோற்றிலும்கூட இருந்தது. அவள் மெஷினை ஹாலைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். எதிரே சிட்டு பொம்மைக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கண் நிறைய பிள்ளை.

ஒரு வாரம் ஆனது. கணவன் இன்னும் மூலைவரை போய்த்தான் வந்தான். சிட்டுவும் அப்படித்தான் வந்தாள், ஓடி வரும்போதுகூட. ஒரு மத்தியானம் சிட்டு பந்தை உருட்டி விட்டாள். பந்து புதுக் கல் வரை வந்தது. அங்கே நின்று, வந்த வழியே திரும்பிப் போனது.

பாக்கி வேலைக்கு வந்த கொத்தனாரிடம் பந்து திரும்பிப் போனதைச் சொல்லி, தரை வாட்டம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். அவர் கல்லின்மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி சரியாக நடுவில் நின்றது.

"வாட்டமெல்லாம் பக்காம்மா. பந்து வேணும்னே விளையாட்டு காட்டுது."

இரண்டாவது வாரம் கணவனின் அக்கா வந்தாள். வேறு ஊர்க்காரி. இந்த வீட்டுக்குள் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. வரும்போதே ஆரம்பித்தாள்.

"என்னடா, வீட்டைப் புதுசாக்குறேன்னு சொன்னே, ஆளு பழசா போயிட்டே?"

"தூசிக்கா. துடைச்சா பளபளன்னு இருப்பேன்."

அவள் மெஷினில் இருந்தபடியே "வாங்கண்ணி" என்றாள். அண்ணி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பையைக் கீழே வைத்துவிட்டு, மூலையை நோக்கி நடந்தாள். அங்கே போனதும் இல்லாத நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். இல்லாத படியைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

தைத்துக்கொண்டிருந்த துணி அவள் கையிலிருந்து நழுவியது.

"அண்ணி, ஏன் அப்படிச் சுத்தி வர்றீங்க?"

"எப்படி?"

"நேரா வரலாமே."

அண்ணி அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "ஏம்மா, ராவெல்லாம் தைக்கிறியா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. இவனை வெளுத்து வாங்குறேன் இரு." சொல்லிக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தாள். அதற்கு முதுகுப் பலகை கிடையாது. பேசியபடியே பின்னால் சாய்ந்தாள். தலையையும் சாய்த்தாள். கால் மேல் கால் போட்டுக்கொண்டு, ஒன்றுமில்லாததன்மேல், கால் மணி நேரம் அப்படியே சாய்ந்திருந்தாள். எழுந்தபோது முதுகில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கணவன் அதைத் தட்டி விட்டான்.

அண்ணி போனபிறகு அவள் கணவனின் கையைப் பிடித்தாள். "என்கூட வாங்க. நேரா." இழுத்துக்கொண்டு நடந்தாள். கல்லுக்கு அருகே வந்ததும் அவன் கையை உதறிக்கொண்டான்.

"ஏய், மோதிக்கப் போறடி!"

"எதுல?"

அவள் அந்தப் பக்கம் நின்றாள், அவன் இந்தப் பக்கம் நின்றான். பிறகு அவன் மிருதுவாகக் கேட்டான். "தூங்கி எத்தனை நாளாச்சு உனக்கு?"

ஞாயிற்றுக்கிழமை மூவரும் பூங்காவுக்குப் போனார்கள். சிட்டு தூரத்து ஊஞ்சலில் ஆடினாள். நூறு அடிக்கு அப்பாலிருந்து, அத்தனை பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே, "அம்மா, என்னைப் பாரு" என்பது தெளிவாகக் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டில், கண்ணெதிரே ஏழெட்டு அடியில் பேசும் பிள்ளையின் குரல் இப்படிக் கேட்பதில்லை. போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல.

வரும் வழியில் பெயிண்ட் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கணக்குப் பார்க்கத் தாளை எடுத்தார்.

"ஹாலுக்கு எத்தனை சுவர் சார்?"

"நாலு."

"மூணு," என்றாள் அவள். "மூணுதான். ஒண்ணை இடிச்சாச்சு."

கணவன் கடைக்காரரைப் பார்த்துப் புன்னகைத்தான். பிள்ளை எதையாவது தப்பாகச் சொன்னால் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் புன்னகைப்பார்களே, அதே புன்னகை. கடைக்காரர் நான்கு என்று எழுதினார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை. அவள் ஹாலிலிருந்து நேராக மெஷினை நோக்கி நடந்தாள். முழங்கை எதிலோ உரசியது. நின்று பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. காயத்தில் மணல் துகள்கள். எதிரே வெளிச்சமும் மெஷினும் பாதி தைத்த சட்டையும் மட்டும் இருந்தன.

அன்றிலிருந்து அவளும் மூலை வழியாகத்தான் போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் பள்ளிச் சீருடை இருபது சட்டைகள் கொடுக்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து மெஷினில் இருந்தாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். சிட்டு எதிரே தரையில் படுத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். கொத்தனார் வந்தார். கலவை குழைத்தார். செங்கல்லை நனைத்தார். ஹாலின் மூலைக்குப் போய், கதவு இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து முதல் கல்லை வைத்தார்.

"என்ன வேலை அது?"

"இந்த வழியை அடைக்கச் சொன்னாரு சாரு. சும்மா தொறந்து கெடக்குன்னு."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. திறந்த வெளியின் ஓரத்தில், மூன்றடி அகலத்துக்கு மட்டும், ஒரு துண்டுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. பைத்தியக்காரத்தனம். யார் பார்த்தாலும் தெரியும். அதுதான் அவளுக்கு வேண்டும் என்று தோன்றியது. கட்டட்டும். சாயங்காலம் அவர் வரட்டும். இதைக் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் யாருக்குத் தூக்கம் வேண்டும் என்று பேசிக்கொள்ளலாம். அவள் குனிந்து காலர் தைத்தாள். கல் இடுப்பு உயரம் வந்தது. மார்பு உயரம். பதினோராவது சட்டையை முடித்து நூலை வெட்டியபோது, கரண்டி செங்கல்லில் உரசும் சத்தம் எங்கோ தூரத்தில் போலக் கேட்டது.

நிமிர்ந்தாள். கொத்தனாரின் தலை மட்டும் தெரிந்தது.

"கொத்தனாரே, நான் உள்ள இருக்கேன்."

"தெரியும்மா," என்றார் அவர் மரியாதையாக. "வெளிச்சம் போதுமா உங்களுக்கு?"

அடுத்த கல்லை வைத்தார்.

அவள் எழுந்தாள். மெஷினைச் சுற்றி வந்தாள். எதிரே ஹால் பரந்து கிடந்தது. சிட்டுவின் பாதங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. நேராக, வேகமாக நடந்தாள்.

நெற்றி மோதியது.

கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்ற பூச்சு. சொரசொரப்பு. இடப்பக்கம் நகர்ந்தாள். பூச்சு. வலப்பக்கம். பூச்சு. எட்டும் உயரம்வரை. தரைவரை. மூலைக்கு ஓடினாள். அங்கே மட்டும் கண்ணுக்குத் தெரிந்த செங்கல், ஈரக் கலவை, கடைசிக் கல். இடுப்பளவு இருந்தபோது தாண்டியிருக்கலாம்.

"சிட்டு!"

சிட்டு பச்சைப் பென்சிலை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தாள்.

அறையின் ஜன்னலுக்குக் கம்பி. கம்பிக்கு ஒரு முழம் தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அங்கே கத்தினாள். அவள் குரல் அவளிடமே வந்தது.

சாயங்காலம் கணவன் வந்தான். அடைத்த மூலையைப் பார்த்தான். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். கல்லைத் தட்டினான், பிறகு கல்லுக்குப் பக்கத்தில் காற்றையும் தட்டினான். இரண்டும் அவள் பக்கம் ஒரே மாதிரி கேட்டன. அவன் வாயசைவு தெரிந்தது. காதை அழுத்தி வைத்தால் சொற்களும் மங்கலாகக் கேட்டன.

"இப்பதான் வீடு வீடு மாதிரி இருக்கு."

"அம்மா எங்கப்பா?"

"உள்ள தைக்கிறா. தொந்தரவு பண்ணாத."

அவள் தட்டினாள். இரண்டு கைகளாலும். கத்தரிக்கோலின் பிடியால். ஹால் மேசைமேல் இருந்த அவள் போன் ஒளிர்ந்தது. கணவன் எடுத்தான். "ஆமாக்கா. வேலையா இருக்கா. அப்புறம் கூப்பிடச் சொல்றேன்." தட்டும் இடத்தைப் பார்த்து ஒருமுறை திரும்பினான். "மெஷின் சத்தந்தான்," என்று சிரித்தான்.

கத்தரிக்கோலால் கலவையைச் சுரண்டினாள். ஒரு நுனி உடைந்தது. மறுநாள் மறு நுனி. தண்ணீர் பாட்டில் பாதி இருந்தது. பிறகு கால். ஹாலில் அவர்கள் சாப்பிட்டார்கள். சிட்டு மூலைக்கு வந்து செங்கல்லைத் தடவிப் பார்த்தாள். ஒருமுறை. இரண்டுமுறை. பிறகு வரவில்லை. ஒரு பிற்பகல், சிட்டு நாற்காலி மேலே ஏறி நின்று ஆடினாள். விழவில்லை. ஆடி முடிக்கும்வரை அவள் பூச்சில் உள்ளங்கைகளை ஊன்றி நின்றாள். பார்க்க மட்டும் முடிந்தது.

மூன்றாம் நாள் பெயிண்டர் வந்தார்.

தட்டில் வெள்ளையை ஊற்றினார். ரோலரைத் தோய்த்தார். ஹாலின் மற்ற மூன்று சுவர்களை முடித்துவிட்டு அவளை நோக்கி வந்தார். மேலிருந்து ஒரு இழுப்பு.

காற்றில் வெள்ளைப் பட்டை நின்றது. அதற்குப் பின்னால் இருந்த சமையலறை காணாமல் போனது.

அடுத்த பட்டை. மின்விசிறி போனது. அடுத்தது. வாசல். அவள் நகர்ந்தாள். மிச்சம் இருந்த இடத்துக்கு. அடுத்தது. மேசை. மறுபடி நகர்ந்தாள். அறை இருட்டிக்கொண்டே வந்தது. கடைசியில் கீழே, பெயிண்டரின் கை எளிதில் எட்டாத இடத்தில், ஒரு துண்டு விட்டுப்போயிருந்தது. அவள் மண்டியிட்டாள். முகத்தை அதற்கு நேராக வைத்தாள்.

சிட்டு ஓடி வந்து அங்கே நின்றாள். ஒரு சாண் தூரம். மூக்கில் வெள்ளைப் புள்ளி. பெயிண்டர் ஏதோ கேட்டார். சிட்டு பலமாகத் தலையாட்டினாள். அவர் ரோலரைப் பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"வேண்டாம் கண்ணு."

சிட்டு இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கவனமாக இருக்கும்போது செய்வதுபோல் நாக்கைப் பல்லிடையே கடித்துக்கொண்டாள். ரோலரைத் தரையில் வைத்து மேலே தள்ளினாள். வெள்ளை ஏறியது. பிள்ளையின் முழங்கால். வயிறு. கை. கழுத்து. சந்தோஷமாக, சிரித்துக்கொண்டே, எட்டியமட்டும் எம்பி. வாய். மூக்கு.

கண்கள் மட்டும் இருந்தன. அவை ரோலரைப் பார்த்துக்கொண்டிருந்தன.