திரும்பாத தட்டு

லான்சோனெஸ் பழத்தோல் புகைகிற வாடை. கொசுவுக்காக அந்தத் தோலை எரிப்பது அந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. ஆனால் பழம் வருவது அக்டோபரில். இது ஏப்ரல். ரோவேனா அடுப்பைப் பார்த்தாள், சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்; எங்கும் புகை இல்லை. வாடை மட்டும் மேசையருகே, யாரும் உட்காராத மூன்றாவது நாற்காலியைச் சுற்றிக் கெட்டியாக நின்றது.

"ஏதோ கருகுற மாதிரி இல்ல?"

"உன் மீனுதான். தினம் இப்படித்தான் கருகுது, இன்னைக்குத்தான் உனக்குத் தெரியுதா?" கணவன் எட்கர் சிரித்துக்கொண்டே நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினான். கடலுக்கு அப்பால் தெரிகிற கமிகின் தீவுக்கு இரண்டு நாள் பயணம். "முதல் நாள் வெந்நீர் ஊற்று. ராத்திரிக்கு நாட்டுக்கோழி, தேங்காப்பால் ஊத்தி. மறுநாள் அருவி. வழியில கிழங்கு அப்பளம், பாகு சொட்டச் சொட்ட. ஜினலின் போட்ட திட்டம் அப்படியே. அவளுக்காகத்தானே போறோம், ரோவி."

ரோவேனா சோற்றைப் பிசைந்தாள்.

சாப்பாட்டின் நடுவே ஒருவர் பயணம் கிளம்பினால், உண்டுகொண்டிருப்பவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் போகிறவர் போகிற இடத்துக்குப் பத்திரமாகச் சேரமாட்டார் என்பது ஊர் நம்பிக்கை. போன அக்டோபரில், வாசலில் லான்சோனெஸ் தோல் புகைந்துகொண்டிருந்தபோது, தங்கை ஜினலின் இதே மேசையின் மூன்றாவது நாற்காலியிலிருந்துதான் எழுந்தாள். அக்காளும் தங்கையும் சேர்ந்து திட்டம் போட்ட பயணத்துக்கு, அக்காளை விட்டுவிட்டுத் தோழிகளோடு கிளம்பினாள். வாசலில் நின்று அக்காளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நீ வந்தா அருவிகூட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும், மனாங்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் தட்டைச் சுற்றினார்கள். ரோவேனா மட்டும் தன் தட்டின் விளிம்பில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து அழுத்திக்கொண்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை, தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்த ஜினலினைத் தவிர. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனாள். துறைமுகச் சாலையில், பன்னிரண்டாவது நிமிடத்தில், லாரி.

எட்கரின் கைபேசி அடித்தது. பேசிக்கொண்டே எழுந்தான். தட்டில் பாதிச் சோறு இருந்தது.

"துறைமுகத்துல இருந்து ரொமுலோ. காலைப் படகுல ரெண்டே இடம்தானாம். புனித வாரக் கூட்டம். அடையாள அட்டையோட இப்பவே வரச் சொல்றான்."

"சாப்பிட்டுட்டுப் போ."

"அதுக்குள்ள இடம் போயிடும். நீ தட்டைச் சுத்திவிடு, அது போதும்." பைக் சாவியைத் துழாவினான்.

அவள் தன் தட்டைத் தொட்டாள். நகரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்தாள். இரண்டு கையாலும் திருகினாள். சோறு அதிர்ந்தது. குழம்பு சிந்தியது. தட்டு அசையவில்லை.

"போகாத."

"ஏன்?"

ஒரே ஒரு வாக்கியம். ஆறு மாதமாக நாக்குக்கு அடியில் கிடக்கிற வாக்கியம். சொன்னால் உட்கார்ந்துவிடுவான். இதையெல்லாம் நம்புகிறவன்தான். ஆனால் சொன்னால், ஜினலினைக் கொன்றது லாரி இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி முழிக்கற?"

"ஒண்ணுமில்ல. மெதுவாப் போ."

கதவு. படி. பைக் உறுமியது.

அவள் எழுந்து நின்று இழுத்தாள். மேசையே நகர்ந்தது. தட்டு நகரவில்லை. விளிம்பில் நகம் பெயர்ந்தது.

"எட்கர்!"

பைக்கின் சத்தம் தெருவைத் தாண்டிவிட்டது.

குனிந்தாள்.

மூன்றாவது நாற்காலியின் பக்கமிருந்து, தட்டின் விளிம்பில், இரண்டு கட்டைவிரல்கள். சாம்பல் நிறம். நகக்கண்ணில் தார். தோலில் பொடிக்கற்கள் பதிந்திருந்தன. மணிக்கட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

துறைமுகச் சாலை வளைவில் பைக் வேகம் எடுப்பது கேட்டது.

விரல்கள் இன்னும் அழுத்தின. நகங்கள் மெல்ல மெல்ல வெளுத்தன.