பதில் சொல்லும் சுவர்

சாமான் வண்டி வாசலில் வந்து நின்றபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பழைய வீடு. தடித்த சுவர்கள், குறுகலான ஜன்னல்கள், கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற ஈரச் சுண்ணாம்பு வாசனை. காலி வீடு என்றால் பேச்சு எதிரொலிக்க வேண்டும் அல்லவா? இங்கே பேசின பேச்சு பேசின இடத்திலேயே அடங்கிப்போனது.

அவள் அதை உடனே கவனித்துவிட்டாள். அவளுக்குக் காதுதான் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிக்கிறவள். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் உள்ளே இருப்பவர் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் இவளுக்கு முன்னால் பச்சை விளக்கு எரியும். கேட்காதபோதே அழுத்துகிறவர்களும் உண்டு. பொய்க்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒன்றைத் தவறவிட்டால்கூடத் தன்னைத் தள்ளிவைத்துவிடுவார்களோ என்கிற பயம், பாவம்.

லிஃப்ட்காரர் அப்படி அழுத்தியதில்லை. அவளுக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மோட்டார் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்று நின்று இரண்டு காதும் கொஞ்சம் மந்தம். சோதனைக்கு வந்தார். கேட்டதற்கு அழுத்தினார், கேட்காததற்குக் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். "ஏங்க, நடுவுல தூங்கிட்டீங்களா?" என்று இவள் கேட்டதற்கு, "கேக்காததைக் கேட்டுச்சுன்னு சொல்லி உங்களை ஏமாத்தவா?" என்றார். இப்படி ஒரு ஆண்பிள்ளை உலகத்தில் இருக்கிறானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியப்பட்டே ரொம்ப நாளாகியிருந்தது.

இப்போது பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்து, வீடும் பார்த்து, இதோ குடிவந்தாயிற்று.

"காதுக்காரி, பெரிய ரூம் நமக்குப் படுக்க. பக்கத்து ரூம் என் சாமானுக்கு. சரியா?" என்றார் அவர்.

"சரி."

இரண்டு அறைக்கும் நடுவே ஒரே சுவர். படுக்கையறைப் பக்கம் கை எட்டுகிற உயரத்தில் ஒரு குழி இருந்தது. உள்ளங்கை அகலம். ஓரமெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"ஏதாவது மாட்டி வெச்சிருந்திருப்பாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

ஆணி அடித்த தடம் ஏதுமில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் அவள் எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அதற்குக் காரணம் முன்னவன், லிஃப்ட்காரருக்கு முன்னால் அவளோடு வாழ்ந்தவன். அவனுக்கு வேறு பெயர் எதற்கு? ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள், அவன் குளியலறையில் இருக்கிறான் என்று நினைத்து, சமையலறையில் நின்றபடியே அன்று நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் பொத்தானை வாயில் வைத்துக் கடித்ததைச் சொல்லிச் சிரித்தாள். பதிலே வரவில்லை. போய்ப் பார்த்தால் குளியலறையில் ஈ காக்கா இல்லை. அலமாரியில் அவன் பக்கம் துடைத்து வைத்ததுபோல் காலி. சண்டை இல்லை, சொல் இல்லை, ஒரு காரணம்கூட இல்லை. காலி வீட்டோடு அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் அழவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போயிற்று. தூக்கத்தில் உடம்புக்கு அடியில் வெகுநேரம் மடிந்து கிடந்த கை மரத்துப்போகுமே, தன்னுடையதுதானா என்று கிள்ளிப் பார்ப்போமே, அப்படி.

அதன்பிறகு, இந்த வீட்டிலும், லிஃப்ட்காரர் இருக்கும் பக்கத்து அறையில் சத்தம் நின்றால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. எங்க போகப்போறேன்?"

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் ஒருதரம்கூட முகம் சுளிக்கவில்லை. ஆனால் போனில் அவள் அக்கா விளாசினாள். "இப்படி நச்சு நச்சுன்னு கேட்டா எவனுக்குத்தான்டி அலுக்காது? கெடைச்ச நல்லவனையும் நீயே வெரட்டிடாத!"

அவளுக்கு அது நெஞ்சில் தைத்தது. இவரும் போய்விட்டால்? அந்த ஒரு கேள்விதான் அவளுக்குள் மரத்துப்போகாமல் மிச்சம் இருந்தது.

வழி சொன்னதும் லிஃப்ட்காரர்தான். "எங்க வேலையில ஒண்ணு உண்டு. நான் கீழ லிஃப்ட் குழியில இருப்பேன், கூட்டாளி மேல இருப்பான். கத்தினா புரியாது. அதனால லிஃப்ட் ஏறி இறங்கற இரும்புத் தண்டவாளத்துல ரெண்டு தட்டு தட்டுவோம். 'இருக்கியா'ன்னு அர்த்தம். மேலருந்து ரெண்டு தட்டு வந்தா 'இருக்கேன்'. அவ்வளவுதான். நீயும் சுவத்துல தட்டு. நானும் தட்டறேன். வாயைத் தொறக்கவே வேணாம்."

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். டக், டக். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டக், டக். கை தானாகவே அந்தக் குழிக்குத்தான் போயிற்று. அங்கே தட்டுவதுதான் வசதியாக இருந்தது.

போகப்போகத் தட்டுவது கூடிற்று. வெட்கமும் கூடிற்று. இவ்வளவு தட்டுகிறாளே என்று நினைத்துவிடுவாரோ என்று மெல்லத் தட்டினாள். அப்புறம் இன்னும் மெல்ல. விரல் முட்டியை விட்டுவிட்டு நகத்தால் மட்டும். எவ்வளவு மெல்லத் தட்டினாலும் பதில் தவறியதே இல்லை. போதாக்குறைக்கு முன்பைவிடச் சீக்கிரமாக வந்தது. இவள் விரலை எடுப்பதற்குள் டக், டக்.

எப்படிக் காத்துக்கொண்டிருக்கிறார் பார், என்று நினைத்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாவிட்டாலும் அதன் பக்கத்து வீடு என்று சொல்லலாம்.

ஒருநாள் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது லிஃப்ட்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லணும்னு இருந்தேன். எனக்கு ரொம்ப சந்தோஷம், தெரியுமா?"

"எதுக்கு?"

"தட்டறதை நிறுத்திட்ட பாரு. வந்த புதுசுல தட்டினதோட சரி. நானாக் கேட்டா சங்கடப்படுவியோன்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

பேய் பிசாசு என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. முதலில் தோன்றியது, இவர் பொய் சொல்கிறார் என்பதுதான். விளையாடுகிறார், அல்லது அலுத்துவிட்டது, நாசூக்காகச் சொல்கிறார். ஆம்பிளைகள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்றுகூட மனம் ஓடிற்று.

அதற்கப்புறம்தான், ஆஸ்பத்திரிச் சோதனையில் அவர் காதுக்கு எடுத்த வரைபடம் ஞாபகம் வந்தது. இவருடைய காதை அளந்தவளே அவள்தானே! மெல்லிய ஒலி எதுவும் இவருக்கு எட்டாது. ஹெட்போன் மாட்டியே எட்டாதது, இவ்வளவு தடித்த சுவரைத் தாண்டி, நகத்தால் தட்டினது எப்படி எட்டும்? உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அப்படியென்றால் இத்தனை நாளாகப் பதில் சொன்னது யார்?

விடுமுறை நாள் வந்தது. நல்ல வெயில். லிஃப்ட்காரர் வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். படுக்கையறை ஜன்னல் வழியாக அவர் முதுகு தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து அறையைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எப்படிச் செய்வாளோ அப்படியே செய்தாள். முதலில் பலமாக. டக், டக்.

டக், டக்.

ஜன்னலைப் பார்த்தாள். அவர் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இன்னும் மெல்ல. பதில் வந்தது.

நகத்தால். வந்தது.

விரல் நுனிச் சதையால், பூவைத் தொடுவதுபோலத் தொட்டாள். அவளுக்கே கேட்கவில்லை.

வந்தது.

ஈரச் சுண்ணாம்பு வாசனை அறை முழுக்க ஏறிக்கொண்டிருந்தது. அவள் கையைத் தூக்கினாள். சுவரைத் தொடவில்லை. தட்டலாமா என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

டக், டக்.

கேட்காதபோதே அழுத்துகிறவர்கள். ஒன்றையும் தவறவிட்டுவிடக் கூடாதே என்று பயந்து பயந்து அழுத்துகிறவர்கள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். கத்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் பயம் எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலருகே போய், "இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. பூட்டைத் திறந்து பக்கத்து அறைக்குள் போனார். ஸ்பேனர், கம்பிச் சுருள், எண்ணெய் டப்பா. வேறொன்றும் இல்லை. சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லம்மா."

திரும்பி வந்து அந்தக் குழியைப் பார்த்தார். தன் கையை மடக்கி வைத்தார், பொருந்தவில்லை. அவள் வைத்தாள். நாலு விரல் முட்டியும் அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தன.

"யாரோ ரொம்ப நாளா தட்டியிருக்காங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "உன்னை மாதிரி."

"ஆமா."

"எதுக்கு இவ்வளவு?"

"பதில் வந்திருந்தா இவ்வளவு தட்டியிருக்க மாட்டாங்க."

அவர் அவள் கையைக் குழியிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, "வீட்டைக் காலி பண்ணிடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. நான் இருப்பேன்னு நீ நம்பறதுக்கு நான் என்ன செய்யணும்?" என்றார். கண் கலங்கியிருந்தது. அவளுக்காக ஒருவர் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள். "இனிமே தட்ட மாட்டேன். கேக்கவும் மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். புதுக் கட்டடத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிமாறினார்கள். காகிதம்போல மெல்லிய சுவர். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே கேட்கும். பதிவு அலுவலகத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. அக்கா வந்திருந்து, "பரவாயில்லையே, மனுஷியா மாறிட்ட" என்று தோளில் தட்டிவிட்டுப் போனாள். பக்கத்து அறையில் சத்தம் நின்றால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருந்தாள். கஷ்டம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் அங்கேதான் இருந்தார். கையில் மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்புகிறபோது ஊசி குத்துமே, அப்படி இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு முற்பகல். அடுத்த ஆள் இன்னும் வரவில்லை. சோதனை அறை சாத்தியிருந்தது. கண்ணாடி வழியே காலி நாற்காலி, கொக்கியில் ஹெட்போன், மேஜைமேல் பொத்தான். அவள் இயந்திரத்தைத் தொடவே இல்லை.

பச்சை விளக்கு எரிந்து அணைந்தது.

மறுபடியும் எரிந்து அணைந்தது.

ஒயர் கோளாறு, என்று நினைத்தாள். விளக்கு சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு மறுபடியும் இரண்டு தடவை. நிறுத்தம். இரண்டு தடவை. நிறுத்தம். அந்த நிறுத்தங்களை அவளுக்குத் தெரியும். தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற நேரம் அது.

இந்தத் தடவை அது பதில் சொல்லவில்லை. கேட்டது.

மருந்து நெடிக்கு நடுவே ஈரச் சுண்ணாம்பு மணத்தது.

எழுந்து போயிருக்கலாம். ஸ்விட்சை அணைத்திருக்கலாம். எவ்வளவோ செய்திருக்கலாம். ஆனால் பதில் வராத வீட்டில் நிற்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியுமே! அந்தக் கொடுமையை இன்னொருத்திக்குச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளே இருப்பவரோடு பேசுகிற மைக்கை வாயருகே இழுத்தாள்.

"இருக்கேன்" என்றாள்.

விளக்கு அணைந்தது. அப்புறம் எரியவே இல்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் லிஃப்ட்காரர் ஏதோ ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ரொம்ப நேரமாகப் பேசாமல் இருந்தது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"காதுக்காரி!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "இருக்கியா?"

இத்தனை நாளில் அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சிரிப்பு வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

டக், டக்.

பலமாக, மந்தக் காதுக்கும் எட்டுகிற மாதிரி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரிலிருந்து.

"ஆஹா, கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்று அவர் அங்கே வாய்விட்டுச் சிரித்தார். "அதான் இருக்கியே!"

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு கையும் சோப்பு நுரைக்குள் இருந்தன.